குழியா, மூட்டையா, தட்டைப் போரா: மக்காச்சோளத்தை மாட்டுக்குச் சேமிக்கும் கணக்கு

பெரம்பலூர், உடுமலைப் பக்கம் மக்காச்சோளம் போட்டு மாடும் வைத்திருப்பவருக்கு மூன்று வழி உண்டு. கதிரை முற்றவிட்டு விற்றுவிட்டு, காய்ந்த தட்டையைப் போர் போடலாம். கதிரோடு பச்சையாக வெட்டி, நறுக்கி, குழியில் சைலேஜ் (காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைக்கும் தீவனம்) போடலாம். அதே சைலேஜை மூட்டையில் அடைக்கலாம். எது நல்லது என்று கேட்டால், கொட்டகையில் எத்தனை மாடு நிற்கிறது என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

தட்டைப் போரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நாமக்கல் கோழிப்பண்ணைகள் இருக்கும்வரை மக்காச்சோள மணிக்குக் கிராக்கி உண்டு, கையில் காசு வரும். ஆனால் முற்றிய பயிரின் தட்டையில் புரதம் 4-5 சதவீதம்தான். சைலேஜில் 7-8 கிடைக்கும். தட்டை, பால் வற்றிய மாட்டுக்கு வயிறு நிரப்ப ஆகும். பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு இதையே நம்பினால், மணி விற்ற காசு புண்ணாக்குக் கடைக்குப் போய்விடும்.

சைலேஜ் என்றால், குழியோ மூட்டையோ, பதம் பார்த்து வெட்டுவதில்தான் பாதி வெற்றி. ஒரு கதிரை நடுவில் ஒடித்து மணியைப் பாருங்கள். மேல்பாதி மஞ்சளாகக் கெட்டிப்பட்டிருக்க வேண்டும். கீழ்ப்பாதியை நகத்தால் கீறினால் பால் வர வேண்டும். பிறகு பயிரை 1-2 செ.மீ. துண்டாக நறுக்கி, ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்து விடுங்கள். சாறு சொட்டினால் இன்னும் சில நாள் பொறுக்கலாம். உருண்டை மெல்ல விரிந்தால் சரியான பதம். உடனே பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, எவ்வளவு மிதித்தாலும் உள்ளே காற்று நிற்கும்.

குழியில் கிலோவுக்கு ஆகும் செலவு குறைவு. சிக்கல் திறந்த பிறகுதான். காற்று பட்ட இடம் சூடேறும், அதனால் முகப்பு முழுக்கத் தினமும் அரை அடியாவது வெட்டி எடுத்தாக வேண்டும். ஆறடி அகலம், ஐந்தடி உயரக் குழியில் அது 15 கன அடி. நன்றாக மிதித்த சைலேஜ் கன அடிக்கு ஏறக்குறைய 17 கிலோ வரும். ஆக நாளுக்கு 255 கிலோ. மாட்டுக்கு 20 கிலோ வைத்தால், தின்ன 12, 13 மாடு வேண்டும். நாலு மாடு வைத்திருப்பவர் 80 கிலோதான் எடுப்பார். மீதி முகப்பில் பூஞ்சணம் பிடிக்கும். டிராக்டர் ஏற்றி மிதிக்க ஆசைப்பட்டால் குழி இன்னும் அகலமாக வேண்டும், அதைத் தின்ன மாடும் இன்னும் வேண்டும்! மானியம் கிடைக்கிறதே என்று பெரிய குழி கட்டுபவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

மூட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. 50 கிலோ மூட்டையைப் பிரித்தால் இரண்டு மூன்று மாட்டுக்கு அன்றைக்கே சரியாகப் போகும். உள்ளே கனமான பாலித்தீன் பை, வெளியே சாக்கு. மிதித்து, காற்றைப் பிதுக்கி இறுக்கிக் கட்ட ஆள்கூலி கூடும். எலி கடிக்கும், காக்கை கொத்தும். ஆனால் ஓட்டை விழுந்தால் போவது அந்த ஒரு மூட்டைதான். குழியின் தார்ப்பாய் கிழிந்தால் அப்படி விடாது.

ஐந்தாறு மாடு வரை மூட்டையே என் கட்சி. பன்னிரண்டைத் தாண்டினால் குழி. இடையில் இருப்பவர்கள் அகலத்தைச் சுருக்கி நீளமாகக் குழி எடுத்து, காலால் மிதித்துக்கொள்ளலாம். ஆயத்தமாக விற்கும் பெரிய சைலேஜ் கட்டுகளை வாங்குவதானால் எடையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், வண்டி வாடகை அதற்கும் சேர்த்துத்தான்.