முடிதிருத்தகத்தில் ரத்த அழுத்த சிகிச்சை: லாஸ் ஏஞ்சலிஸ் சேவை குறித்த மதிப்பீடு

மருத்துவமனையை நம்பி வராத கறுப்பின ஆண்களைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, அவர்கள் நம்பிச் செல்லும் முடிதிருத்தகத்திற்கே ரத்த அழுத்த சிகிச்சையைக் கொண்டு சென்றதுதான் இச்சேவையின் முதன்மையான சிறப்பு. அமெரிக்காவின் டஸ்கிகீ பகுதியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை மறுத்து, அவர்களிடம் சிபிலிஸ் என்னும் பாலியல் நோயின் போக்கைக் கவனித்துக்கொண்டிருந்த அரசுத் துறையின் வரலாற்றை அறிந்தவர்கள், அந்த அவநம்பிக்கையை அறியாமை என்று சொல்லமாட்டார்கள்.

மருத்துவர் ரொனால்ட் விக்டர் தலைமையிலான குழு, கறுப்பினத்தவர் நடத்தும் 52 முடிதிருத்தகங்களில், உயர் ரத்த அழுத்தம் கொண்ட 319 வாடிக்கையாளர்களிடம் இதைச் சோதித்தது. ஒரு பிரிவினருக்கு முடிதிருத்துநரின் அறிவுரை மட்டும் கிடைத்தது. மற்றப் பிரிவினரை மருந்தாளுநர்கள் கடையிலேயே சந்தித்து, அவரவர் மருத்துவரின் ஒப்புதலோடு மருந்து எழுதினர். 2018இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதங்களில் சிஸ்டாலிக் அழுத்தம் (ரத்த அழுத்தத்தின் இரு எண்களில் மேல் எண்) முதல் பிரிவில் சராசரியாக 9.3 புள்ளிகள் குறைய, மருந்தாளுநர் வந்த பிரிவில் 27 புள்ளிகள் குறைந்தது. பக்கவாதத்தைத் தடுப்பதில் இது மிகப் பெரிய வேறுபாடு. அறிவுரையோடு நின்றுவிடும் விழிப்புணர்வு முகாம்களை நடத்துவோர் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

குறைகளும் உண்டு. கடைக்குக் கடை பயணிப்பதில் மருந்தாளுநரின் நேரம் பெரிதும் செலவானது. அதைவிட முக்கியமாக, உயர் ரத்த அழுத்தத்தால் பெரிதும் பாதிக்கப்படும் கறுப்பினப் பெண்கள் இந்த ஏற்பாட்டில் இடம்பெறவில்லை. அழகு நிலையங்களுக்கும் இதே அளவு முழுமையான சிகிச்சையோடு இச்சேவை விரிவடைய வேண்டும்.