பழைய பிக்கப்புக்கு மட்கார்டு: ஃபைபரா, அடித்த தகடா?

இடது பின்சக்கர மட்கார்டில் பெயின்ட் உப்பியிருந்த இடத்தை ஸ்குரூடிரைவரால் சுரண்டினேன். கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. யாரோ விரல் பருமனுக்குப் பட்டி பூசி வைத்திருந்தார்கள். அதன் அடியில் இரும்பு என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. வண்டி 1950களைச் சேர்ந்தது. ரெடிமேட் ஃபைபர் (கண்ணாடியிழை) மட்கார்டு, அலுமினியம், கையால் அடித்த இரும்புத் தகடு என்று மூன்று வழிகள் இருந்தன. நான் தகட்டை அடித்தவன், ஆகையால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஃபைபர் துருப்பிடிக்காது, எடை குறைவு, பெட்டியைப் பிரித்ததும் வடிவம் தயார். தகடு கனம், துருப்பிடிக்கும், உழைப்பை விழுங்கும். இதில் வாதாட ஒன்றுமில்லை. பழைய வண்டிக்கு ஃபைபர் இழுக்கு என்பாரோடும் எனக்கு உடன்பாடில்லை. 1955இல் வந்த செவ்ரோலெட் கேமியோ கேரியர் பிக்கப்பின் பின்பெட்டிக்கு நிறுவனமே ஃபைபர்கிளாஸ் பக்கங்களைத்தான் பொருத்தியது. 1958இல் அந்த இடத்துக்கு வந்த ஃப்ளீட்சைட் மட்டும் முழு இரும்பு. ஒன்று கவனியுங்கள்: ஃபைபர் வார்க்க முதலில் அச்சு வேண்டும். உங்கள் மாடலுக்கு யாரிடமும் அச்சு இல்லையென்றால், ஒரே ஒரு மட்கார்டுக்காக அச்சு செய்வதை விடத் தகட்டை அடிப்பது சுலபம்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு: பொருத்திய பிறகு அடிபட்டால் என்ன ஆகும்?

பின்மட்கார்டுக்கு அடி பெரும்பாலும் உள்ளிருந்துதான் வரும். டயர் வாரி எறியும் கல் தகட்டில் பட்டால் வெளியே சிறு புடைப்பு. ஃபைபரில் பட்டால் பெயின்டில் நட்சத்திரம் போல மயிரிழை விரிசல்கள். நண்பரின் வண்டியில் போல்ட் துளைகளைச் சுற்றியும் அதே நட்சத்திரங்களைப் பார்த்தேன். அகல வாஷர் வைக்காமல் இறுக்கியிருந்தார். அதன் மேல் பட்டி பூசி அடித்த பெயின்ட் சில மாதங்களில் அதே கோட்டில் வெடித்தது. முறையாகச் சரிசெய்ய விரிசலைச் சரிவாகத் தேய்த்தெடுத்து, பின்பக்கம் புதிதாகக் கண்ணாடியிழைப் பாயையும் ரெசின் பசையையும் ஏற்ற வேண்டும். தகட்டில் ஒடுக்கு விழுந்தால் பின்னால் டாலியை (கைக்கு அடக்கமான இரும்புக் கட்டை) பிடித்து, முன்னால் சுத்தியலால் தட்டினால் போதும். இன்னொரு தொல்லையும் உண்டு: மட்கார்டில் பொருத்தும் விளக்குக்குத் தகடே எர்த் ஆகிவிடும், ஃபைபருக்குத் தனி ஒயர் இழுக்க வேண்டும்.

நல்ல நிலையில் இருந்த வலது மட்கார்டின் மேல் தடித்த காகிதத்தை விரித்துத்தான் வேலையைத் தொடங்கினேன். காகிதம் சுருக்கம் விழும் இடத்தில் தகட்டைச் சுருக்க வேண்டும்; கிழித்தால்தான் படியும் என்ற இடத்தில் நீட்ட வேண்டும். அதைத் திருப்பிப் போட்டால் இடப்பக்கத்துக்கான அளவு. 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மி.மீ. தகட்டை மணல் நிரப்பிய தோல்பையில் வைத்து மரச்சுத்தியலால் குழித்தேன். ஒரே துண்டாக அடிக்கும் ஆசையைக் கைவிட்டு, மூன்று துண்டுகளாகச் செய்து இணைத்தேன்.

முதல் இணைப்பை மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக ஓடி வருவது) ஒரே ஓட்டமாக ஓட்டியது என் மடத்தனம். தகடு காய்ந்த ஓலை போல முறுக்கிக்கொண்டது. அதை வெட்டி எறிந்துவிட்டு, ஓர் அங்குலத்துக்கு ஒரு புள்ளி வைத்து, ஆறவிட்டு, டிக் வெல்டிங்கில் (டங்ஸ்டன் முனையில் பொறி, கம்பியைக் கையால் ஊட்டுவது) இடம் மாற்றி மாற்றி நிரப்பினேன். வெல்டிங் ஆறும்போது சுருங்கும், கோடு பள்ளமாகும். டாலி மேல் வைத்துத் தட்டினால் மீண்டும் நீளும். டிக் வெல்டிங் மென்மையானது, சுத்தியலுக்கு இணங்கும். மிக் வெல்டிங் கடினம், அவ்வளவாக இணங்காது.

அலுமினியத்தில் நான் செய்தது ஒரே ஒரு சிறிய மூடி, அதனால் தீர்ப்புச் சொல்லத் தயக்கம். எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு, சுத்தியலுக்கு வெண்ணெய். ஆனால் சூடேறியதை நிறம் மாற்றிக் காட்டாது, சுமார் 660 டிகிரியில் திடீரென்று ஒழுகிவிடும். இரும்புச் சட்டத்தைத் தொடும் இடத்தில் ஈரம் தங்கினால் அரிப்பு தொடங்கும், இடையில் ரப்பரோ சீலரோ வேண்டும்.

தகட்டுக்கும் பராமரிப்பு உண்டு. விளிம்பை உள்ளே மடித்த இடம்தான் சேறு தங்கும் பொந்து. அங்கே வடிதுளை போட்டு, மெழுகு பீய்ச்சி வைத்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி பீய்ச்சுகிறேன். இதற்குப் பொறுமை இல்லாதவர், அச்சு கிடைக்கும் மாடல் வைத்திருப்பவர், ஃபைபரையே வாங்கட்டும்.

போன வருடம் ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூணில் அதே இடது மட்கார்டை இடித்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு. சக்கரத்தைக் கழற்றி, தட்டி எடுக்க அரை மணி நேரம் ஆனது. பெயின்ட் நிறம்தான் இன்னும் ஒரு நூல் ஒத்துப்போகவில்லை.