ஆட்டோகிராஸுக்கு வண்டி ரெடி பண்ணித் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்

கோவையில் புதிதாக ஆட்டோகிராஸ், அதாவது கோன் வைத்துக் குறித்த தடத்தில் நேரத்தோடு போட்டியிடும் கார் பந்தயம், ஓட்ட வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "அடுத்த ஈவென்ட்ல மூணு செகண்ட் கண்டிப்பா குறையும் சார்" என்று உறுதி கொடுத்த ஒரு டியூனிங் கடை, என்னிடம் 68,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, சொன்ன வேலையைச் செய்யாமல் வண்டியை ஆபத்தான நிலையில் திருப்பித் தந்தது.

என்னுடையது டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட். இசியூ ரீமேப் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் ஃபைலை மாற்றுவது), ஓப்பன் ஏர் ஃபில்டர் (மூடியில்லாத காற்று வடிகட்டி), லோயரிங் ஸ்பிரிங் (வண்டி உயரத்தை இறக்கும் ஸ்பிரிங்) என்று பேச்சு. ரீமேப்புக்கு ஆதாரமாக, இன்ஜின் பவரை அளந்து காட்டும் ஒரு டைனோ கிராஃப் கொடுத்தார்கள். அதில் வண்டி எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. பிறகு வேறொருவர் இசியூவைப் படித்துப் பார்த்தால் கம்பெனி ஃபைல் அப்படியே இருக்கிறது. உண்மையாகவே செய்திருந்தாலும் இந்த மாதிரி இன்ஜினில் பெரிதாக ஒன்றும் கிடைத்திருக்காது. டர்போ வண்டியில் பூஸ்ட்டை, அதாவது இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றழுத்தத்தை, ஏற்றலாம், இதில் ஏற்ற என்ன இருக்கிறது? ஓப்பன் ஃபில்டரும் அப்படித்தான். பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை இழுக்கிறது, சத்தம் மட்டும் கூடுகிறது.

ஸ்பிரிங் விஷயத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. புது ஸ்பிரிங்குக்குக் காசு வாங்கிவிட்டு, வண்டியில் இருந்ததையே கிரைண்டரில் அறுத்து மாட்டியிருக்கிறார்கள். கம்பெனி பெயின்ட் குறி அழியாமல் இருந்தது, முனையில் அறுத்த தடம் பளிச்சென்று தெரிந்தது. இப்படி இறக்கிய வண்டி ஸ்லாலமில், அதாவது கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும்போது, ஒரு பக்கம் சாய்ந்ததும் ஷாக் அப்சார்பர் பம்ப் ஸ்டாப்பர் என்ற ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். அந்த நொடியில் முன் டயர் பிடியை விட்டுவிடும், ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகவே போகும். அதைவிட மோசம், சக்கரம் குழியில் தொங்கும்போது அறுத்த ஸ்பிரிங் தன் இடத்தை விட்டு விலகலாம். இந்த வண்டியில் என் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறேன்.

போட்டியன்று ஸ்க்ருட்டினியில் (வண்டிப் பரிசோதனையில்) ஃபில்டரையும் உயரத்தையும் பார்த்து, மாற்றம் செய்யாத வண்டிகளுக்கான ஸ்டாக் பிரிவிலிருந்து மாடிஃபைடு பிரிவுக்கு மாற்றினார்கள். நேரமோ இதே வண்டி ஸ்டாக்காக இருந்தபோது எடுத்ததைவிட அதிகம். கடையில் போய்க் கேட்டதற்கு, "வண்டி பக்கா, நீங்கதான் இன்னும் பழகணும்" என்றார்கள். காசு வாங்கும்வரை குறை வண்டியில் இருந்ததாம், வாங்கிய பிறகு என்னிடம் வந்துவிட்டதாம்.

ஓட்டுகிற கைதான் முக்கியம் என்பது உண்மைதான். அதைத்தான் அவர்கள் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அதே நாளில் அனுபவமுள்ள ஓர் அண்ணன், டயர் காற்றை மட்டும் சரிபார்த்துக்கொண்டு ஒரு சாதாரண ஸ்விஃப்டில் மாடிஃபைடு பிரிவில் ஓட்டிய பாதிப் பேரைவிடக் குறைந்த நேரம் எடுத்தார். ஆட்டோகிராஸ் பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே முடிந்துவிடும். முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கிடைப்பது சில நொடிகள்தான், கூடுதல் பவருக்கு அங்கே வேலை குறைவு. முன்னால் இருக்கும் கோனை விட்டு அதற்கடுத்த கோனைப் பார்ப்பது, திருப்புவதற்கு முன்பே பிரேக்கை முடிப்பது, ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்காமல் இருப்பது, இவற்றில்தான் நொடிகள் ஒளிந்திருக்கின்றன. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிற ஊர் இது, சொல்லித்தர ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. அப்புறமும் காசு மிஞ்சினால் நல்ல டயர் வாங்குங்கள்.

"ஆர்டிஓ பிரச்சினை வராது" என்றும் சொன்னார்கள், அதுவும் பொய். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வழக்கமான இன்சூரன்ஸ் பாலிசி பந்தயத்தில் நடக்கும் சேதத்துக்குப் பணம் தராது. சொல்லாமல் செய்த மாற்றங்களைக் காட்டிச் சாதாரண விபத்துக்கும் தட்டிக்கழிக்கலாம்.

எனக்குப் பில் தரவில்லை. வாட்ஸ்அப்பில் பேசியதும் ஜிபே ரசீதும் கையில் இருக்கின்றன. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். வேலைக்குக் கொடுக்கிறவர்கள் பார்ட் நம்பரோடு பில் கேளுங்கள், கழற்றிய பாகங்களைக் கையோடு வாங்கி வாருங்கள். சமீபத்தில் எங்காவது லோயரிங் செய்தவர்கள், இந்த வாரமே வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி நான்கு ஸ்பிரிங்கின் முனைகளையும் பாருங்கள். அறுத்த தடம் இருந்தால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.