சைக்கிளுக்கு இடது கண்ணாடி தேவையா? நாலு மாசம் ஓட்டிப் பார்த்ததில்

ஹேண்டில்பார் முனையில் செருகுகிற வட்டக் கண்ணாடி, ஜோடி 450 ரூபாய் என்று ஆன்லைனில் வாங்கினேன். பார்சலைப் பிரிக்கும்போதே வீட்டில் கேள்வி: வலது பக்கம் ஒன்று போதாதா, இடது பக்கம் பிளாட்பாரத்தை வேடிக்கை பார்க்கவா?

நான் சென்னை அடையாறிலிருந்து சர்தார் படேல் சாலையில் வந்து மத்திய கைலாஷ் சந்திப்பில் இடது பக்கம் ராஜீவ் காந்தி சாலைக்குத் திரும்புகிறவன். வலது பக்கம் திரும்புவதுதான் கஷ்டம், இடது பக்கம் ஓரமாகவே வளைத்துவிட்டால் முடிந்தது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அந்த ஓரத்தில்தான் வில்லங்கமே. நமக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் ரெண்டடி இருந்தால் போதும், ஒரு ஸ்கூட்டர் புகுந்துவிடும், நாம் வளைக்கிற அதே நொடியில் அவர் நேராகப் போவார். வலது பக்கம் பஸ். நம்மை முந்திய கையோடு இடது பக்கம் ஒடிப்பார்கள், முன்பக்கம் தாண்டிவிட்டதே என்று மூச்சு விட்டால் பின்சக்கரம் இன்னும் உள்ளே தள்ளி நம் பக்கம் வரும்.

அதனால் எனக்கு அதிகம் உதவியது இடது கண்ணாடிதான். திரும்புவதற்கு முப்பது நாற்பது மீட்டர் முன்னாலேயே ரெண்டு பக்கமும் ஒரு பார்வை, அப்புறம் தலையைத் திருப்பியும் ஒரு பார்வை (குவிந்த கண்ணாடி என்பதால் பக்கத்தில் இருக்கிற வண்டியைக்கூடத் தள்ளி இருப்பதாகக் காட்டும், அதை மட்டும் நம்பினால் அவ்வளவுதான்), பிறகு ஓரத்தை விட்டு லேன் நடுவுக்கு வந்துவிடுவேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும், ஹாரன் அடிக்கிறவர் நம்மைப் பார்த்துவிட்டார் என்றுதானே அர்த்தம்.

இடது கையை நீட்டி சிக்னல் காட்டுவதில் ஒரு விஷயம் இருக்கிறது. என் சைக்கிளில் வலது லீவர் முன் பிரேக், ஆக இடது கை காற்றில் இருக்கும்போது கைவசம் இருப்பது முன் பிரேக் மட்டும்தான். ரோடு திரும்புகிற முனையில் எப்போதும் மணல் குவிந்து கிடக்கும், அதில் முன் பிரேக்கைப் பிடித்து ஒருமுறை முழங்கை தேய விழுந்திருக்கிறேன். இப்போதெல்லாம் முன்கூட்டியே கை காட்டிவிட்டு, ரெண்டு கையும் ஹேண்டில்பாருக்கு வந்த பிறகுதான் வளைக்கிறேன்.

சரி, பொருளுக்கு வருவோம். மாட்டுவது சுலபம், ஆலன் கீ (ஆறு பட்டைச் சாவி) ஒன்று போதும். கிரிப்பின் முனை மூடியிருந்தால் பிளேடால் வட்டமாக வெட்டிக்கொள்ள வேண்டும், இதைப் பெட்டியில் எங்கேயும் போடவில்லை. ஒட்டுப் போட்ட ரோட்டில் கண்ணாடி நடுங்கும், பின்னால் வருவது ஆட்டோவா காரா என்றே தெரியாது. பள்ளத்தில் இறங்கினால் மூட்டு தளர்ந்து வானத்தைக் காட்டும், வாரம் ஒருமுறை முறுக்க வேண்டியிருக்கிறது. ராத்திரியில் ஹெட்லைட் பட்டால் வெறும் வெள்ளை வட்டம்தான், அந்த நேரத்தில் கண்ணாடியை மறந்துவிட்டுக் கழுத்தைத் திருப்புங்கள்.

சிக்னலில் நிற்கும்போது இடது கண்ணாடியை மடக்கி வையுங்கள். நான் மடக்காமல் நின்ற ஒரு நாள், பிளாட்பாரத்து ஓரமாக நெருக்கிக்கொண்டு வந்த ஒரு பைக்காரரின் முட்டி இடித்துக் கண்ணாடி விரிசல் விட்டது. தனி உதிரிக் கண்ணாடி கிடைக்காது, ஜோடியாகத்தான் விற்கிறார்கள். இன்னொரு 450 கொடுத்திருக்கிறேன். மிச்சமான வலது கண்ணாடி சும்மா கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமா?