ரீல்ஸா, புல்லாங்குழலா? இன்பமும் மகிழ்ச்சியும் பிரியும் இடம்

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அதற்கு இரண்டு பேர் போட்டி: கைப்பேசியில் ரீல்ஸ், இல்லையென்றால் புல்லாங்குழல் பயிற்சி. முதலாவதை இன்பம் என்றும் இரண்டாவதை மகிழ்ச்சி என்றும் வைத்துக்கொள்கிறேன். நான் குழலைத் தேர்ந்தெடுத்தவன், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும். ஆனால் ரீல்ஸிலும் நெடுநாள் ஊறியவன்தான்.

செலவு, வசதி, வேகம் மூன்றிலும் ரீல்ஸுக்கே வெற்றி. அதில் பேச ஒன்றுமில்லை. விரலைத் தள்ளிய நொடியில் சிரிப்பு வந்துவிடும். குழலில் ஆரம்பத்தில் வெறும் காற்றுதான் வரும். உதட்டை லேசாக இழுத்து, ஊதும் துளையின் எதிர் விளிம்பில் காற்று பட்டுப் பிளக்கும்படி ஊத வேண்டும். கோணம் ஒரு நூல் தப்பினாலும் 'புஸ்' என்று போய்விடும். மூச்சைப் பிடித்து ஊதினால் தலை சுற்றும். அந்த நேரத்து இன்பம் என்று கணக்குப் பார்த்தால் ஒன்றுமே தேறாது.

என்னைப் பொறுத்தவரை தீர்ப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யும்போது அது வளர்கிறதா, தேய்கிறதா?

ரீல்ஸ் தேய்ந்தது. ஆரம்பத்தில் பத்து நிமிடத்தில் கிடைத்த சிரிப்புக்குப் போகப்போக அரை மணி நேரம் ஆனது. அப்புறம் சிரிப்பே இல்லை, விரல் மட்டும் தள்ளிக்கொண்டிருந்தது. இதற்கான விளக்கம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மூளை ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ் எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் கிடைக்கிறது. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் அறவே குறைக்கப்பட்ட எலிகள் உணவைத் தேடிப் போகவில்லை. ஆனால் நாக்கில் சர்க்கரைக் கரைசலை விட்டபோது வழக்கம்போல் ரசித்து நக்கின. ஆக, வேண்டும் என்ற தவிப்பு வேறு, கிடைத்ததை ரசிப்பது வேறு. ரசிப்பு வற்றிய பிறகும் தவிப்பு ஓடிக்கொண்டே இருக்கலாம். போதாக்குறைக்கு, 2006-இல் அசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய முடிவில்லா உருட்டல் (தள்ளத் தள்ள அடுத்தது வந்துகொண்டே இருக்கும் அமைப்பு), 'இத்தோடு போதும்' என்று எழுந்துகொள்ள ஓர் இடமே தருவதில்லை.

குழலில் நடந்தது தலைகீழ். மாயாமாளவகௌளை ராகத்தில், தொடக்கப் பாடமான அதே சரளி வரிசைகள்தான். வீட்டில் கேட்பவர்களுக்கு நிச்சயம் அலுப்பு. ஆனால் முதலில் வெறும் படிக்கட்டாகக் கேட்ட ஸ்வரங்கள் மெல்ல மெல்லத் தனித்தனியாகப் பிரிய ஆரம்பித்தன. 'ஸ'வை ஒட்டியே 'ரி' நிற்கிறது, 'க'வோ அதிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கிறது. அந்த இடைவெளி காதில் விழுந்த நாளிலிருந்து அதே வரிசை எனக்குப் புதிதாகிவிட்டது. தம்பூராச் செயலியை ஓடவிட்டு ஊதும்போது, ஸ சுருதியோடு சேரும் நொடியில் மூங்கில் விரல்களுக்கடியில் அதிரும். ஓரிரு நொடிதான், ஆனால் அதன் பலன் அந்த ஒரு மணி நேரத்தோடு முடிவதில்லை. மறுநாள் பஸ்ஸில் ஏதோ பாட்டு ஓடினாலும் காது தானாகவே ஸவைத் தேடுகிறது. நேற்றுப் பார்த்த ரீல்ஸில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் திணறித்தான் போவேன்.

குழலுக்குப் பராமரிப்பு அதிகம், அதையும் சொல்லியாக வேண்டும். ஒரு வாரம் தொடாமல் விட்டால் உதடு மறந்துவிடும், மறுபடி 'புஸ்'தான். தொடக்கப் பாடங்களுக்குப் பிறகு வரும் வர்ணத்தைக்கூட நான் இன்னும் தொடவில்லை. பல வருடம் வாசித்தவர்களுக்கும் இந்த வளர்ச்சி தொடர்கிறதா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும், இரண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டு வருபவருக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா என்பதும் சந்தேகம்தான். காய்ச்சலில் படுத்திருந்தால் நானும் ரீல்ஸைத்தான் திறப்பேன், அதில் தப்பொன்றும் இல்லை.

இரண்டும் வேண்டும் என்பவர்கள் குழலை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். ரீல்ஸ் பார்த்துவிட்டுக் குழலை எடுத்த நாட்களில் முதல் அபஸ்வரத்திலேயே எனக்குப் பொறுமை போய்விடுகிறது. வாசித்து முடித்தபின் பார்க்கும் ரீல்ஸ் நன்றாகவே சிரிக்க வைக்கிறது, நாலைந்து பார்த்ததும் கைப்பேசியைக் கீழே வைக்கவும் முடிகிறது.