நாலாவது பின்: ஜே5 போனின் சார்ஜிங் போர்ட்டோடு நான்கு வருடம்

அப்பா பயன்படுத்திவிட்டு அலமாரியில் போட்டிருந்த சாம்சங் கேலக்ஸி ஜே5, 2015 மாடல். ஸ்னாப்டிராகன் 410, ஒன்றரை ஜிபி ராம், 8 ஜிபி சேமிப்பு, கழற்றி மாட்டக்கூடிய 2600 எம்ஏஎச் பேட்டரி. இன்றைய ஆப்களுக்கு இது போதாது. ஆனால் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸைப் போட்டால் வீட்டு வைஃபைக்கு (தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றிச் சொல்லும்) டிஎன்எஸ் சர்வராகவும், படங்களைக் காப்பு எடுத்து வைக்கும் பெட்டியாகவும் நன்றாகவே உழைக்கும். நான்கு வருடமாக உழைத்துக்கொண்டிருக்கிறது. அதற்குத் துணையாக இருப்பது நானே செய்த ஒரு கேபிள். இந்தப் பகிர்வு போனைவிட அந்தக் கேபிளையும், அது போய்ச் சேரும் போர்ட்டையும் பற்றியது.

முதல் மாதமே சிக்கல் வந்தது. புதிய கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) போட்டேன், திரை கறுப்பாகவே இருந்தது. வைஃபையில் போன் தெரியவில்லை. உள்ளே கர்னல் ஓடுகிறதா, பாதியில் நின்றுவிட்டதா, ஒன்றும் தெரியாது. கம்ப்யூட்டர் போர்டாக இருந்தால் சீரியல் போர்ட்டில் ஒரு கம்பியை மாட்டி, தொடங்கும்போது வரும் பூட் செய்திகளைப் படித்துவிடலாம். போனில் அப்படி ஒரு போர்ட் வெளியே இல்லை. இருப்பது ஒரே ஒரு மைக்ரோ யூஎஸ்பி ஓட்டை. பயனர் கையேட்டில் அதைப் பற்றிச் சொல்லியிருப்பது சார்ஜ் செய்யலாம், கம்ப்யூட்டரோடு இணைக்கலாம் என்பது மட்டும்தான்.

அந்த ஓட்டைக்குள் ஐந்து பின்கள் உண்டு. ஒன்றாவது 5 வோல்ட், இரண்டாவது டி மைனஸ், மூன்றாவது டி பிளஸ் (இவை இரண்டும் தரவுக்கு), ஐந்தாவது கிரவுண்ட். நடுவில் இருக்கும் நாலாவதற்கு ஐடி என்று பெயர். சாதாரண சார்ஜிங் கேபிளை அறுத்துப் பார்த்தால் சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை என்று நாலு கம்பிதான் இருக்கும். நாலாவது பின்னுக்குக் கம்பியே கிடையாது. போனில் பென் டிரைவ் மாட்ட உதவும் ஓடிஜி கேபிளில் மட்டும் அந்தப் பின்னைக் கிரவுண்டோடு சேர்த்திருப்பார்கள். அதை வைத்துத்தான் போன் 'இனி நான்தான் ஹோஸ்ட்' என்று முடிவு செய்து பென் டிரைவைப் படிக்கிறது. கிரவுண்டில் தொட்டால் ஓடிஜி, தொடாவிட்டால் சாதாரணக் கேபிள். நானும் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

செல்போன் சர்வீஸ் கடைகளில் 'ஜிக்' என்று ஒரு குட்டி பிளக் வைத்திருப்பார்கள். பட்டன் உடைந்த சாம்சங் போனில் அதைச் செருகினால் போன் தானாக எழுந்து, மென்பொருளை ஏற்றுவதற்கான டவுன்லோட் மோடுக்குப் போகும். அந்த ஜிக்குக்குள் இருப்பது நாலாவது பின்னுக்கும் ஐந்தாவது பின்னுக்கும் நடுவே 301 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 301-க்கு ஒரு அர்த்தம் இருந்தால் மற்ற எண்களுக்கும் இருக்க வேண்டுமே?

பழைய சாம்சங் ஆண்ட்ராய்டையே மீண்டும் ஏற்றி, ரூட் செய்து (முழு அனுமதி பெற்று), கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளையிடும் ஏடிபியை வைஃபை வழியாக இணைத்தேன். யூஎஸ்பி போர்ட்டையே சோதிக்கப்போகிறோம் என்பதால் வேறு வழியில்லை. ஐந்து பின்னும் வெளியே எடுத்துத் தரும் பிளக்கில், நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே குமிழால் ஓமை மாற்றக்கூடிய ஒரு மெகா ஓம் பொட்டென்ஷியோமீட்டரைப் பற்ற வைத்தேன். குமிழைக் கொஞ்சம் திருப்புவது, பிளக்கைச் செருகுவது, கர்னல் லாகைப் பார்ப்பது, பிடுங்குவது, மல்டிமீட்டரில் ஓம் அளப்பது, நோட்டில் எழுதுவது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை.

ஒவ்வொரு முறை செருகும்போதும் லாகில் ஒரு எண் வந்தது. போர்ட்டுக்கும் பிராசஸருக்கும் நடுவே எம்யூஐசி என்று ஒரு சின்னச் சில்லு உட்கார்ந்திருக்கிறது. நாலாவது பின்னில் எவ்வளவு ஓம் தொங்குகிறது என்று அளந்து, 0 முதல் 31 வரை ஒரு எண்ணாகச் சொல்வது அதன் வேலை. கிரவுண்டில் தொட்டால் 0. ஒன்றுமே இல்லாவிட்டால் 31. ஒரு மெகா ஓம் அருகில் 30. 300 கிலோ ஓம் அருகில் 25, அதாவது ஜிக். நோட்டில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதியபோது நாலு இடங்கள் தனியாகத் தெரிந்தன: ஏறக்குறைய 255 கிலோ ஓமுக்கு 24, 301-க்கு 25, 523-க்கு 28, 619-க்கு 29.

இந்த நாலு ஓம் மதிப்புகளும், ஒரு சதவீதத்துக்குள் துல்லியமான ரெசிஸ்டர்களுக்கான இ96 என்ற நிலையான மதிப்பு வரிசையில் அப்படியே இருக்கின்றன. தற்செயலாக இப்படி அமையாது. தொழிற்சாலையில் யாரோ இந்த ரெசிஸ்டர்களை வைத்து ஜிக் செய்திருக்கிறார்கள் என்பது அப்போதே உறுதியாகிவிட்டது. பிறகு, ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமப்படி வெளியான கர்னல் சோர்ஸில் எம்யூஐசி டிரைவரைத் திறந்து பார்த்தேன். அதே பட்டியல். 24 என்றால் யூஎஸ்பி, பூட் ஆஃப் (செருகினாலும் போன் தானாக எழாது; ஆன் என்றால் எழும்). 25 என்றால் யூஎஸ்பி, பூட் ஆன். 28 என்றால் யூஏஆர்டி (அதாவது சீரியல் இணைப்பு), பூட் ஆஃப். 29 என்றால் யூஏஆர்டி, பூட் ஆன். மெயின்லைன் என்ற பொது லினக்ஸ் கர்னலில், எஸ்எம்5502 என்ற எம்யூஐசி சில்லுக்கான டிரைவரிலும் இதே எண்கள்தான். குறைந்த ஓம்கள், அதாவது 2 கிலோ ஓமிலிருந்து மேலே செல்பவை, இயர்போன் ரிமோட் பட்டன்களுக்கு ஒதுக்கப்பட்டவை. மைக்ரோ யூஎஸ்பி வழியாகவே இயர்போன் மாட்டிய காலத்தின் மிச்சம்.

யூஏஆர்டி என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. 619 கிலோ ஓம் வைத்தால், எம்யூஐசி டி பிளஸையும் டி மைனஸையும் யூஎஸ்பியிலிருந்து பிரித்து, பிராசஸரின் சீரியல் கம்பிகளோடு சேர்த்துவிடுகிறது. நான் தேடிய சீரியல் போர்ட் சார்ஜிங் ஓட்டைக்குள்ளேயே இத்தனை நாள் இருந்திருக்கிறது!

கேபிள் செய்த கதைக்கு வருகிறேன். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் 619 கிலோ ஓம் ஒரு சதவீதம் என்று கேட்டேன், கிடைக்கவில்லை. 470-ஐயும் 150-ஐயும் தொடராக இணைத்தால் 620 வந்துவிடும், அது போதும். 523 வேண்டுமென்றால் 470, 47, 5.6 மூன்றையும் சேர்த்தால் 522.6. 301-க்கு மூன்று 100-ஐ வரிசையாக வைத்தாலே வேலை செய்கிறது. எல்லாம் ஒரு சதவீத மெட்டல் ஃபிலிமாக வாங்குங்கள். 5 சதவீத வகையில் இரண்டு மூன்றைச் சேர்த்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. பிளக் வாங்கும்போதும் கவனம் வேண்டும். சில மலிவான பிளக்குகளில் நாலாவது காலே இருக்காது. கடைக்காரரிடம் கேட்டு, கண்ணால் பார்த்து வாங்குவது நல்லது.

அடுத்தது வோல்டேஜ். இதில்தான் பலர் போனைப் பலி கொடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறேன். இந்தப் பிராசஸரின் சீரியல் கம்பி 1.8 வோல்ட். கடையில் கிடைக்கும் யூஎஸ்பி சீரியல் போர்டுகள் பெரும்பாலும் 3.3 அல்லது 5 வோல்ட். அந்தப் போர்டுகளில் வரும் சிபி2102 சில்லுக்கு 'ஒன்று' என்று புரிய குறைந்தது 2 வோல்ட் வேண்டும். ஆக போன் பேசுவது அதற்குச் சரியாகக் கேட்காது, அது பேசுவது போனுக்கு ஆபத்து. நான் எடுத்தது எஃப்டி232ஆர்எல் என்ற வேறு சில்லு உள்ள போர்டு. அதில் சிக்னல் வோல்டேஜுக்குத் தனியாக விசிசிஐஓ என்று ஒரு பின் உண்டு, 1.8 வோல்ட்டிலிருந்து ஏற்றுக்கொள்ளும். சில்லில் அதுவும் நாலாவது பின்தான்! அந்தக் காலை மட்டும் பலகையிலிருந்து மெதுவாகத் தூக்கி, 1.8 வோல்ட் ரெகுலேட்டரிலிருந்து மின்சாரம் கொடுத்தேன். ஊசி முனைச் சால்டரிங் அயர்னும் பொறுமையும் இருந்தால் அரை மணி நேர வேலை.

போனின் பேச்சு எந்தக் கம்பியில் வருகிறது என்று கண்டுபிடிப்பது எளிது. கேபிளைச் செருகி இரண்டையும் அளந்தால், சும்மா இருக்கும்போதும் 1.8-இல் உறுதியாக நிற்பது பேசும் கம்பி. என் போனில் அது டி மைனஸ். வேகம் விநாடிக்கு 115200 பிட். 5 வோல்ட் கம்பியை நான் இணைக்கவே இல்லை. கேபிள் வேலை செய்யும் நேரம் முழுக்கப் போன் பேட்டரியில்தான் ஓடும்.

பழைய ஆண்ட்ராய்டில் கேபிளை மாட்டியபோது ஒன்றும் வரவில்லை. கேபிள் தவறோ என்று ஒரு நாள் முழுக்கக் கழற்றி மாட்டினேன். கடைசியில் பார்த்தால் அந்தக் கர்னலின் பூட் வரியிலேயே கன்சோல், அதாவது செய்திகள் போகும் இடம், 'நல்' (null, எதுவும் இல்லை) என்று இருந்தது. பேசாதே என்று சொல்லி அனுப்பப்பட்ட கர்னல் எப்படிப் பேசும்! சரி என்று லினக்ஸைப் போட்டு, கன்சோலைச் சீரியலுக்குத் திருப்பி, மீண்டும் செருகினேன். திரை கறுப்பாகவே இருக்க, மடிக்கணினியில் பூட் வரிகள் ஓட ஆரம்பித்தன. ரூட் பார்ட்டிஷன் (இயங்குதளக் கோப்புகள் இருக்கும் பகுதி) கிடைக்கவில்லை என்று கர்னல் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் நான் யூகித்துக்கொண்டிருந்ததை ஐந்து விநாடியில் சொல்லிவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இனி நீண்ட காலப் பயன்பாடு. நான்கு வருடத்தில் இந்தக் கேபிள் என்னைக் காப்பாற்றிய நாட்களுக்கு நான் கணக்கு வைக்கவில்லை. கர்னல் மேம்படுத்தும் ஒவ்வொரு முறையும் இதை மாட்டிக்கொண்டுதான் உட்காருகிறேன். 619-இன் பெரிய வசதி, செருகியதுமே அணைந்திருக்கும் போன் தானாக எழுந்துவிடும். பவர் பட்டன் தேய்ந்துபோன என் ஜே5-க்கு இது பெரிய உதவி. குறை என்றால், கேபிள் மாட்டியிருக்கும் வரை போனை அணைத்து வைக்க முடியாது. அணைத்தால் மீண்டும் எழுந்துவிடுகிறது. அதற்காக 523-இல் இரண்டாவது பிளக் ஒன்று செய்து வைத்திருக்கிறேன்.

இரண்டாவது வருட ஐப்பசியில் ஒரு விசித்திரம் நடந்தது. 619 கேபிளைச் செருகினால் போன் எழுவதை நிறுத்திவிட்டது. பட்டனை அழுத்தி எழுப்பினால் சீரியல் மட்டும் ஒழுங்காக வந்தது. அதாவது கேபிள் 523 போல நடந்துகொண்டது. ரெசிஸ்டரை அளந்தேன், 620 காட்டியது. மறுநாள் வெயில் அடித்தது, கேபிளும் சரியாகிவிட்டது. அடுத்த மழைக்கு மீண்டும் அதே கதை. யோசித்தபோதுதான் புரிந்தது. பற்ற வைத்தபோது ஒட்டிய ஃபிளக்ஸ் பசையை நான் துடைக்கவே இல்லை. மழை ஈரத்தில் அது லேசாக மின்சாரம் கடத்த ஆரம்பித்திருக்கிறது. 619 கிலோ ஓமுக்குப் பக்கவாட்டில் 5 மெகா ஓம் கசிவு இருந்தால் மொத்தம் சுமார் 551 ஆகிவிடும். 619-ஐவிட 523-க்குத்தான் அது பக்கம். வெயில் நாளில் அளந்ததால் மீட்டரில் தெரியவில்லை. ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பல் துலக்கி வைத்துத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, மேலே ஹாட் குளூ போட்டேன். அப்புறம் எத்தனையோ மழை போய்விட்டது, பிரச்சினை இல்லை. அளக்கும்போது மீட்டர் முனைகளை இரண்டு கையாலும் பிடிக்காதீர்கள். நம் உடம்பும் ஒரு பக்கவாட்டு ரெசிஸ்டர்தான், எண் குறைவாக வரும்.

இந்த மழைக் கதைதான் அக்காவின் போனைக் காப்பாற்றியது. அவளுடையதும் மைக்ரோ யூஎஸ்பி போன், இதே மாதிரிச் சில்லு உள்ளது. கடலோரத்தில் வீடு. இரவு அணைத்து வைத்தால் தானாக எழுகிறது, சார்ஜ் சில நேரம் ஏறவில்லை. கடையில் காட்டியதற்கு போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். புதுப் போன் வாங்கும் யோசனையில் இருந்தாள். நான் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐந்து பின் பிளக்கைச் செருகி, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே அளந்தேன். சில நூறு கிலோ ஓம் காட்டியது. என் ஜே5-இல் அதே இடத்தில் அதைப்போலப் பல மடங்கு வரும். போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் நாலாவது பின்னைச் சுற்றிப் பச்சையாகப் பாசி மாதிரி படிந்திருந்தது. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து ஒரு ஜிக்கையே அங்கே வளர்த்துவிட்டிருக்கின்றன. ஆல்கஹால், மெல்லிய பிரஷ், ஒரு இரவு காயவைத்தல். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அந்தப் போன் ஓடியது. போர்டு மாற்றச் சொல்வதற்கு முன் அந்த ஒரு பின்னை அளந்து பார்த்திருந்தால் அவள் அவ்வளவு அலைந்திருக்க வேண்டாம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. உங்கள் பழைய போன் தானாக எழுந்தாலோ, ஒன்றும் செருகாமலே, காரில் மாட்டியதாக நினைத்துக் கார் மோடுக்குப் போனாலோ, முதலில் போர்ட்டைச் சுத்தம் செய்யுங்கள்.

தேய்மானத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மைக்ரோ யூஎஸ்பி 10,000 முறை செருகி எடுக்கும் அளவுக்கு வடிவமைக்கப்பட்டது. போர்ட் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. என் கேபிள்தான் இரண்டு முறை கழுத்தில் அறுந்தது. மூன்றாவது முறை கம்பியை பிளக்கின் உலோக உறையோடு சேர்த்துக் கட்டிய பிறகு நிற்கிறது. பேட்டரி ஒரு முறை உப்பியது, மாற்றினேன். கழற்றக்கூடிய பேட்டரி என்பதால் ஐந்து நிமிட வேலை.

டைப் சி போன்களில் இந்த ஐடி பின் கிடையாது. அங்கே சிசி என்று இரண்டு பின்கள் இருக்கின்றன, இரண்டிலும் ஒரே மாதிரி ரெசிஸ்டர் வைத்தால் டீபக் அக்சஸரி (debug, பிழை தேட உதவும் துணைக்கருவி) என்று புரிந்துகொள்ளும் ஏற்பாடு ஸ்டாண்டர்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எந்தப் போன் அதை மதிக்கிறது என்பது போனுக்குப் போன் மாறும். என் மேசையில் திரை உடைந்த ஒரு டைப் சி போன் இருக்கிறது. பொட்டென்ஷியோமீட்டரையும் நோட்டையும் மீண்டும் எடுத்து வைத்திருக்கிறேன், இந்த முறை நோட்டில் சிசி பின்னுக்கு ஒன்றாக இரண்டு நெடுவரிசை போட்டிருக்கிறேன்.