காமன் கிரவுண்ட் கன்ட்ரோலர் என்று நம்பி ரூ. 6,850 இழந்தேன்: ஆர்கேட் ஸ்டிக் கட்ட நினைப்பவர்கள் கவனத்திற்கு

கடந்த வியாழக்கிழமை பார்சல் வந்தது. நேற்றிரவு விற்றவர் என் எண்ணைத் தடுத்துவிட்டார். ரூ. 6,850 போய்விட்ட ஆத்திரம் அடங்குவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தம்பி விடுமுறைக்கு வரும்போது கொடுப்பதற்காக ஓர் ஆர்கேட் ஸ்டிக்கை (பெரிய பட்டன்களும் லீவரும் பொருத்திய வீடியோ கேம் பெட்டியை) வீட்டிலேயே கட்டத் தொடங்கினேன். ப்ளைவுட் பெட்டியைத் தச்சர் செய்து தந்தார். பட்டன்களுக்காக 30 மில்லிமீட்டர் துளைகள் எட்டும் போட்டாயிற்று. மூளையாக எக்ஸ்பாக்ஸ் 360 கேம் கன்சோலின் வயர்டு கன்ட்ரோலருக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டைத் தேர்ந்தெடுத்தேன். அசல் போர்டில் எல்லாப் பட்டன்களின் ஒரு முனையும் ஒரே கிரவுண்டில் (மின்சுற்றின் பொது முனையில்) சேர்வதால், அதாவது அது காமன் கிரவுண்ட் போர்டு என்பதால், ஒரு பொதுக் கம்பியை எல்லாவற்றுக்கும் ஓட்டி, பட்டனுக்கு ஒரு சிக்னல் கம்பி வீதம் சால்டர் செய்தால் போதும். நான் வாங்க நினைத்த, சான்வா நிறுவனத்தின் ஜேஎல்எஃப் என்ற லீவரும் (திசை மாற்றும் கைப்பிடி) நான்கு திசைகளுக்கும் ஒரே கிரவுண்டையே பயன்படுத்தும் ஐந்து கம்பி லீவர் என்பதால், போர்டு காமன் கிரவுண்டாக இல்லாவிட்டால் திட்டமே குலைந்துவிடும்.

பழைய விளையாட்டுச் சாதனங்களைத் தனிநபர்கள் விற்கும் ஒரு வலைத்தளத்தில் இந்தக் கன்ட்ரோலர், சான்வா லீவர், எட்டு சான்வா பட்டன்கள் என மூன்றும் சேர்ந்தே கிடைத்தன. நான் தொலைபேசியில் முதலில் கேட்டதே போர்டைப் பற்றித்தான். "நூறு சதவீதம் காமன் கிரவுண்டுதான் சார், ட்ரிகருக்கு மட்டும் ரெசிஸ்டர் வைக்க மறந்துவிடாதீர்கள்" என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன். அசல் போர்டின் ட்ரிகர்கள் (ஆள்காட்டி விரலால் இழுக்கும் விசைகள்) எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை உணரும் அனலாக் வகை; அவற்றைக் கழற்றினால் ரெசிஸ்டர் வைத்து மின்னழுத்தத்தை நிலைநிறுத்த வேண்டும் என்பது, ஒரு முறையாவது கட்டிப் பார்த்தவருக்கே தெரியும். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றமாட்டார் என்று நினைத்தேன். தளத்தின் வழியாகப் பணம் கட்டினால் கமிஷன் பிடிப்பார்கள், நேரடியாக அனுப்பினால் 400 ரூபாய் குறைத்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னதும், அன்று மாலையே யுபிஐ மூலம் ரூ. 6,850 அனுப்பிவிட்டேன்.

பார்சலைப் பிரித்ததும் கன்ட்ரோலரின் பின்புறம் சாதாரண பிளஸ் திருகுகளைப் பார்த்தேன். அசலில் இருப்பவை நட்சத்திர வடிவத் திருகுகள். உள்ளே ஐசி சிப் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பசைக் குமிழ் ஒன்று ஒட்டியிருந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பட்டன் முனைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பொதுவான கிரவுண்ட் எங்குமே கிடைக்கவில்லை. பட்டன்களின் அடிப்பகுதியில் சான்வா எழுத்துகள் இல்லை. மூன்று பட்டன்கள் அழுத்தினால் மேலே திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான அலைக்கழிப்பு. முதல் நாள் "மீட்டரைச் சரியாக வைக்கத் தெரியவில்லை" என்றார். மறுநாள் "திறந்து பார்த்ததால் திரும்ப எடுக்க முடியாது" என்றார். திறக்காமல் போர்டை எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மூன்றாம் நாள் தான் ஊரில் இல்லை என்றார். வலைத்தளத்தின் உதவிப் பிரிவோ, தங்கள் வழியாகச் செலுத்தாத பணத்திற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று ஒரே பதிலை இரண்டு முறை அனுப்பியது. ரூ. 6,850 சிறிய தொகை என்று அவர்கள் நினைக்கலாம். நான் நான்கு மாதம் ஒதுக்கிச் சேர்த்த பணம் அது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போது அதற்கான மனநிலை இல்லை. போர்டின் படத்தை நம்பாதீர்கள், இரண்டு பட்டன்களின் கிரவுண்ட் முனைகளில் மல்டிமீட்டர் வைத்தால், இரண்டும் இணைந்திருப்பதைக் காட்டி அது ஒலி எழுப்புகிறதா என்று காணொளி கேளுங்கள். தளத்திற்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பார்சலைப் பிரிப்பதைப் படம்பிடியுங்கள்; நான் பிடிக்கவில்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். நான் நான்கு நாள் அவரது பேச்சை நம்பிக் காத்திருந்துவிட்டு இன்று காலைதான் அழைத்தேன்.

அழைத்து முடித்த பிறகு அந்தத் தளத்தைத் திறந்தேன். எனக்கு அனுப்பிய அதே போர்டின் படம், அதே மேசை விரிப்பின் மேல், வேறொரு பெயரில் மீண்டும் விற்பனைக்கு வந்திருக்கிறது. இம்முறை விலை ரூ. 7,200.